தென்னை நாரும் ஒலியும்

கோல் மார்க்கெட் சுற்றுப்புறத்தில் அறை எடுத்துப் படிக்கும் நம் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "பேசினால் அறையே முழங்குகிறதே, இதற்கு வழியுண்டா?" உண்டு, அதுவும் நம் ஊர்த் தேங்காய் மட்டையிலேயே உண்டு.

காரைச் சுவரும் கல்தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. நார்ப் பலகையோ அதனை உள்ளே விடுகிறது. நார்களிடையே காற்று முன்னும் பின்னும் அசைந்து உரசுகிறது. அவ்வுராய்வில் ஒலியாற்றல் வெப்பமாகி மறைகிறது. 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்பார், இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கியே ஒரு விரிவுரை மண்டபத்தின் முழக்கத்தை ஆராய்ந்தார்.

தனி நார் உதிரும். ரப்பர்ப் பால் தெளித்து அழுத்தினால் பலகையாகும். மெத்தைக் கடைகளில் விற்கும் ரப்பர்த் தென்னைநார் இவ்வகையே. பால் மிகுந்தாலும், மேலே வண்ணம் பூசினாலும் இடுக்குகள் அடைபடும், பயன் குன்றும்.

காற்றின் அசைவு சுவரையொட்டி மிகக் குறைவு. கால் அலைநீளத் தொலைவில் மிக அதிகம். 340 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அத்தொலைவு ஏறத்தாழ 25 செ.மீ. ஆகவே மெல்லிய பலகை கீச்சொலியை விழுங்கும். கட்டைக் குரலை விட்டுவிடும். சுவருக்கும் பலகைக்கும் இடைவெளி விட்டால் இக்குறை ஓரளவு நீங்கும்.

ஒன்றை மறவாதீர்: அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியை இப்பலகை தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாக் கதவும் வேண்டும். நார் எரியக்கூடியது, அடுப்பருகே மாட்டலாகாது. மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் மாணவர், முழக்கம் வேறு, வெளிச்சத்தம் வேறு என்றறிந்த பின்னரே காசை எடுப்பது நலம்.