வலிக்காது என்பதே அறிகுறி

தொழுநோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பஞ்சுத் திரியும் பகல் வெளிச்சமும், அவசரப்படாத ஒரு மருத்துவரும் போதும். தோலில் வெளிறியோ சிவந்தோ தேமல் தெரிகிறது. மருத்துவர் முதலில் நல்ல தோலில் பஞ்சு நுனியை வைத்து, "தொட்ட இடத்தை விரலால் காட்டுங்க" என்று பழக்குவார். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தோள், முன்கை, தேமலின் ஓரம், நடு என்று மாற்றி மாற்றித் தொடுவார். மற்ற இடங்களைச் சட்டென்று காட்டிய விரல், தேமலைத் தொடும்போது மட்டும் அசையாமல் இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி.

படர்தாமரை அரிக்கும், ஆளைத் தூங்கவிடாது. இந்தத் தேமல் அரிக்காது, வலிக்காது. அதனால்தான் கடையில் வாங்கிய களிம்பைத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். சிலருக்குத் தேமலில் உணர்ச்சி குறையாமலே நோய் பரவியிருக்கும்; காதுமடல் தடித்து மினுமினுக்கும். அவர்களுக்குக் காதுமடலில் சின்னதாய்க் கீறி, திசுநீரை எடுத்து, நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவார்கள்.

தேமலோடு மருத்துவர் நிறுத்தக் கூடாது. முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஏறும் இடத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. அதை விரலால் மெல்ல உருட்டி, இரண்டு கையிலும் தடிமன் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். அப்படி உருட்டும்போது பார்வை நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். முகம் சுளித்தால் நரம்பில் அழற்சி இருக்கிறது என்று பொருள். கழுத்திலும், முழங்காலின் வெளிப்புறத்திலும் இதே சோதனை உண்டு.

ஏனெனில் இது தோலில் தெரிந்தாலும் நரம்பின் நோய். 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் கிருமி, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகள்தாம் அதற்குப் பிடிக்கும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். சோதனைக்கூடத் தட்டில் இன்றுவரை அதை வளர்க்க முடியவில்லை; எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள். தொற்றியபின் நோய் வெளிப்பட சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகும். "யாரிடமிருந்து வந்தது?" என்று குடும்பத்தில் குற்றவாளி தேடுவதில் ஒரு பொருளும் இல்லை. பெரும்பாலோருக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது.

முன்பு நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். 1940களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியவர்களில் செங்கல்பட்டில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் காக்ரேனும் ஒருவர். ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதால், 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவை கலந்த மாத அட்டை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தேமல் ஐந்துக்குள் இருந்தால் ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை போய்விடும். சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும். இரண்டும் மருந்தால் வருபவை, பின்னர் மறைபவை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் 'ரியாக்‌ஷன்'. சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த பிறகோ தேமல் திடீரென்று சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், கை பலமிழக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி நினைப்பார். உண்மையில், செத்த கிருமிகளின் எச்சத்தோடு உடலின் எதிர்ப்பாற்றல் மோதுகிறது. கூட்டு மருந்தை நிறுத்தாமல், அழற்சியை அடக்கும் பிரெட்னிசலோனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் நரம்பு மீள நல்ல வாய்ப்பு. தாமதித்தால் கிருமி ஒழிந்த பிறகும் விரல் மடங்கியே இருக்கும்.

விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. 1946இல் வேலூர் வந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் இதை நிரூபித்தார்: உணர்ச்சி போன கையைச் சூடு சுடுவதும், இரவில் எலி கடிப்பதும் நோயாளிக்குத் தெரிவதில்லை, புண் ஆறாமல் விரல் குறைகிறது. மடங்கிய விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில், உணர்ச்சி போன பாதத்துக்கு மென்மையான எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார்) ரப்பர் செருப்பும் சிகிச்சையின் பகுதிதான்.

தேசிய அளவில் பத்தாயிரம் பேரில் தொழுநோயாளி ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டிவிட்டதாக 2005 டிசம்பரில் இந்தியா கணக்குக் காட்டியது. ஆனாலும் இங்கே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள். உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். 'ஒழிந்துவிட்டது' என்ற பேச்சால், நரம்பை உருட்டிப் பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துபோனதே எனக்குப் பெரிய கவலை.

நோயாளியின் வீட்டார், அக்கம்பக்கத்தார் போன்று தொடர்பில் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால், முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைவதாக வங்கதேச ஆய்வு காட்டியது. இந்தியாவிலும் இப்போது கொடுக்கிறார்கள். அதற்குமுன் வீட்டில் ஒவ்வொருவரையும் பரிசோதித்தாக வேண்டும். நோயாளி தன் நோயை வீட்டில் சொல்லப் பயந்தால், அந்தப் பரிசோதனை தொடங்குவதே இல்லை.