அஸோலாத் தொட்டிக்குச் சிக்கன உரமும் பாசித் தடுப்பும்

கறவை மாடுகளுக்குப் பசுந்தீவனம் அருகும் காலத்தில் அஸோலா என்னும் நீர்ப்பெரணி குடியானவர்களுக்குப் பெரிதும் உதவுவதாகும். கொல்லையில் ஒரு சிறு தொட்டி அமைத்தவர் நாள்தோறும் சுமார் அரைக் கிலோ தழை அள்ளலாம். ஆயினும், நன்கு தொடங்கிய தொட்டியும் சில மாதங்களுக்குள் பச்சைப் பாசி மூடிக் கைவிடப்படுவதுண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் உரக்குறைவன்று. வேண்டாத உரத்தை மிகுதியாக இடுவதேயாம்.

அஸோலாவின் இலைக்குழிகளில் அனபீனா என்னும் நுண்ணுயிர் வாழ்கின்றது. அது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து அஸோலாவுக்கு ஊட்டுகின்றது. ஆகவே தொட்டிக்கு யூரியா வேண்டுவதில்லை. இட்டால் அது பாசிக்கே உணவாகும். அஸோலா முதன்மையாக வேண்டி நிற்பது மணிச்சத்து. அது குறையின் தழை சிவந்து, வேர் நீண்டு, வளர்ச்சி குன்றும்.

உரமிடும் முறை: நீளம் 2¼ மீட்டர், அகலம் 1½ மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர் உள்ள குழியில் தார்ப்பாய் விரித்து, சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்புக. சாணம் 2 கிலோவும் சூப்பர் பாஸ்பேட் 30 கிராமும் நீரிற் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரம் நீர் நிறுத்துக. விதைத்தழை 1 கிலோ தூவுக. பின்னர் 5 நாட்களுக்கு ஒருமுறை சாணம் 1 கிலோவும் சூப்பர் பாஸ்பேட் 20 கிராமும் போதும். ஆண்டு முழுதும் விலைக்கு வாங்கும் உரம் ஒன்றரைக் கிலோவே. ஒரு மாதத்து உரத்தை ஒரே நாளில் இடலாகாது. அஸோலா உண்டு மிஞ்சிய சத்து முழுவதும் பாசியைச் சேரும்.

பாசியை அடக்கும் வழி: பாசிக்கு வெயில் வேண்டும். நீர்ப்பரப்பு முழுதும் அஸோலா போர்த்தியிருக்குமாயின் அடியிலுள்ள பாசி ஒளியின்றி ஒடுங்கும். ஆகையால் தழையை ஓரிடத்தில் வழித்தெடாமல் பரவலாக அள்ளுக. நீர் வெளியே தெரியும்படி விடற்க. எனினும் அடுக்கடுக்காய்த் தடித்து அழுகவும் விடலாகாது. தொட்டியின்மேல் தென்னங்கீற்றால் அரைநிழற் பந்தல் இடுக. 10 நாட்களுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை இறைத்துப் புதுநீர் விடுக. இறைத்த நீர் காய்கறிப் பாத்திக்கு நல்லுரமாகும். மாதந்தோறும் மண் 5 கிலோ மாற்றுக. ஆறு மாதத்திற்கொருமுறை தொட்டியைக் காலிசெய்து புதுவிதை இடுக.

நூற்பாசி தோன்றின் குச்சியிற் சுற்றி எடுத்து, அத்தவணை உரத்தை நிறுத்தி, நீரை மாற்றி, வெற்றிடத்தை விதைத்தழையால் நிரப்புக. மயில்துத்தம் இடவே கூடாது; அது அஸோலாவையும் கெடுக்கும், மாட்டுக்கும் தீங்கு.

அள்ளிய தழையைச் சாண நாற்றம் நீங்க நன்னீரில் இருமுறை அலசி, தவிட்டுடன் கலந்து மாட்டுக்கு வைத்துப் பழக்குக. கிராம அலுவலர்கள் தம் ஊரில் பாசியற்ற தொட்டி ஒன்றைக் குடியானவர்களுக்குக் காட்டி, அதினின்றே விதைத்தழை வழங்கச் செய்வாராயின், பாசி கலந்த விதை ஊரெங்கும் பரவாமல் தடுக்கலாம்.