உங்களுக்குத் தெரியுமா? உலையைவிட ஸ்கேன் அதிகம்!

புதுப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதிலிருந்து பொதுமக்களுக்கு ஓர் ஆண்டு முழுக்க வரக்கூடிய கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. வயிற்றுக்கு ஒரே ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் சுமார் 8 மில்லிசீவர்ட்!

● பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு அந்த வரம்பு கிடையாது. தேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய படங்களைக் கையோடு கொண்டுபோனால் சில நேரம் மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

● மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிரே இல்லை.

● எக்ஸ்ரே அறை ஊழியர் மார்பில் குத்தியிருப்பது அடையாள அட்டை அல்ல, டி.எல்.டி. பேட்ஜ். அதிலுள்ள கால்சியம் சல்பேட் வில்லைகள் கதிர்வீச்சை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளிரும். ஒளி எவ்வளவோ, வாங்கிய அளவும் அவ்வளவு. ஈய ஏப்ரன் போட்டால் பேட்ஜ் அதற்கு உள்ளே இருக்க வேண்டும்.

● கல்பாக்கம் கடற்கரை மணலிலும் தோரியம் கலந்த மோனசைட் உண்டு. அது உலை வருவதற்கு முன்பே வந்த கதிர்வீச்சு!