படத்துக்கு முன் ஒரு படம்

கம்ப்யூட்டரைக் கொண்டு சித்திரப் படம் ஆக்கும் தொழிலைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. விசையைத் தட்டினால் உருவம் பிறந்துவிடும் என்றும், பிடிக்காவிட்டால் இன்னொரு விசையைத் தட்டி அழித்துவிடலாம் என்றும், ஆகையால் முன்கூட்டி உட்கார்ந்து யோசித்து, எழுதி, வரைந்து மாதக்கணக்கில் பூர்வாங்க வேலை பார்க்கும் அவசியம் இங்கே இல்லையென்றும் படித்தவர்கள்கூட எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்விரோதமானது. நம் சினிமாக்காரர்கள் ப்ரீ புரொடக்‌ஷன் என்று சொல்லும் அந்த ஆயத்த காலம் இந்தத் தொழிலில்தான் மிகவும் நீண்டது. அதன் காரணத்தை அறிய, முழுவதும் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளக் கதைப்படமாகிய ‘டாய் ஸ்டோரி’யின் வரலாற்றைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1995-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி அமெரிக்காவில் வெளியான அந்தப் படத்தில் 1,14,240 பிரேம்கள் இருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, பிளாஸ்டிக்கின்மேல் பளபளப்பு எவ்வளவு என்பதையெல்லாம் கணக்கிட்டு ஒரு பிரேமைப் பூர்த்தியான சித்திரமாக்கித் தருவதற்கு ரெண்டரிங் என்று பெயர். பிரேம் ஒன்றுக்கு நாற்பத்தைந்து நிமிஷத்திலிருந்து முப்பது மணி நேரம் வரை பிடிக்கும் அந்த வேலைக்காக 117 கம்ப்யூட்டர்கள் இரவு பகல் பாராமல் ஓடின. இயந்திரங்கள் உழைத்த நேரத்தைக் கூட்டினால் எட்டு லட்சம் மணி ஆகிறதாம். எண்ணெயில் வெந்த வடையை மறுபடியும் மாவாக்க எப்படி முடியாதோ, அப்படியே ரெண்டரிங் முடிந்த காட்சியைக் கதைக்கு ஒத்துவரவில்லையென்று திருப்புவதும் ஆகாத காரியம். பாத்திரங்களின் உடலமைப்போ இன்னும் சிக்கலானது. உட்டி என்ற கௌபாய்ப் பொம்மையை அசைப்பதற்கு மட்டும் 723 கட்டுப்பாடுகள் அமைத்தார்கள். அவற்றில் 212 முகத்துக்கு. இவ்வளவையும் கட்டி முடித்தபின், உட்டியின் குணத்தையே மாற்றவேண்டும் என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்?

அப்படிச் சொல்லவேண்டி வந்தது என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம். ஆனால் பெரும்பாகம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே சொல்ல முடிந்தது என்பது படத்தைத் தயாரித்த பிக்ஸார் ஸ்தாபனத்தின் பாக்கியம்.

காகிதத்தில் என்று சொன்னது வெறும் பேச்சுக்கல்ல. காட்சிகளைச் சிறு சிறு சித்திரங்களாக வரைந்து, வரிசையாகப் பலகையில் குத்தி வைத்து, கதையின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்தும் ஸ்டோரிபோர்டு முறை 1930-களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கூடத்தில் வேரூன்றியது. சரிப்படாத சித்திரத்தைப் பிடுங்கி எறிய ஒரு கணம் போதும், அதற்காக அழுகிறவர் வரைந்தவர் ஒருவரே. பிக்ஸார்காரர்கள் அத்துடன் நிற்கவில்லை. அந்தச் சித்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, நடிகர்கள் கிடைக்காத இடங்களில் அலுவலகத்தில் இருப்பவர்களையே வசனம் பேச வைத்து, தற்காலிகமாகக் கொஞ்சம் சங்கீதமும் சேர்த்து, ஸ்டோரி ரீல் என்ற ஒரு கரட்டுப் படத்தை முதலில் தயாரித்தார்கள். கோடுகள் அசையாது; வர்ணம் இருக்காது; ஆயினும் எந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்பதை அது ஈவிரக்கமின்றிக் காட்டிவிடும். எழுத்தில் படிக்கும்போது நயமாகத் தோன்றும் வசனம் காதில் விழும்போது விஷமாக இருப்பதும் இங்கேதான் வெளியாகிறது.

கதாபாத்திரங்கள் ஏன் பொம்மைகளாக இருந்தன என்பதும் ஆயத்த காலத்தின் விவேகத்தைச் சேர்ந்ததே. அந்நாளைய கம்ப்யூட்டருக்கு மனிதத் தோலும் தலைமயிரும் கைவராத வித்தைகள். மழமழப்பான பிளாஸ்டிக்கோ இயல்பாகவே வந்தது. கருவியின் ஸ்வபாவத்தை அறிந்து அதற்கேற்ற விஷயத்தைத் தேர்ந்துகொண்டது, பின்னால் நேர்ந்திருக்கக்கூடிய நூறு தலைவலிகளை முன்னதாகவே ஒழித்துவிட்டது. கலை இயக்குநர் ரால்ஃப் எகில்ஸ்டன், படம் முழுவதிலும் வர்ணங்கள் காட்சிக்குக் காட்சி எவ்வாறு மாறவேண்டும் என்பதைப் பாஸ்டல் சுண்ணங்களால் தீட்டிக் கொடுத்தாரே, அதுவும் இவ்வகை ஏற்பாடுதான்.

இவ்வளவு செய்தும் தவறு நேர்ந்தது. பணம் போட்ட டிஸ்னி ஸ்டூடியோவின் தலைவராயிருந்த ஜெஃப்ரி காட்ஸென்பர்க், கதையில் காரம் போதாது, பெரியவர்களும் ரசிக்கும்படி இன்னும் கூர்மை வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வற்புறுத்திவந்தார்; இயக்குநர் ஜான் லாஸெட்டரும் அவருடைய சகாக்களும், முதற்படம் எடுப்பவர்களுக்கு உரிய பணிவுடன், அதற்கெல்லாம் இணங்கிக்கொண்டே போனார்கள். 1993 நவம்பர் 19-ஆம் தேதி டிஸ்னி அதிகாரிகளின் முன்னிலையில் ஸ்டோரி ரீல் ஓடியபோது, உட்டி ஒரு கொடுங்கோலனாக நின்றான்: கூட இருக்கும் பொம்மைகளை ஏசுகிறான், புதிதாக வந்த பஸ் லைட்இயரை வேண்டுமென்றே ஜன்னல் வழியே தள்ளுகிறான். அவனிடம் அனுதாபம் கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. வேலையை நிறுத்தும்படி உத்தரவாயிற்று. வெள்ளிக்கிழமையாதலால் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்றே பிக்ஸாரில் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

எப்படித் திருத்தினார்கள் என்பதை நான் மிகவும் மெச்சுகிறேன். உட்டியை ஒரேயடியாக உத்தமனாக்கிவிடவில்லை. பொறாமையை அவனிடமே விட்டுவைத்து, செயலை மாத்திரம் மாற்றினார்கள். பஸ்ஸை மேஜைக்குப் பின்னுள்ள சந்தில் விழச்செய்யவேண்டும் என்பதே இப்போது அவன் எண்ணம். ரிமோட் காரை ஏவுகிறான், ஒன்றையடுத்து ஒன்றாகச் சாமான்கள் உருண்டு, பஸ் எதிர்பாராமல் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறான். அதோடு, தொடக்கத்திலேயே உட்டி மற்றப் பொம்மைகளின் பயங்களைக் கேட்டு ஆறுதல் சொல்லும் பொறுப்புள்ள தலைவனாகவும், சிறுவன் ஆண்டியின் பிரியத்துக்குரியவனாகவும் காட்டப்பட்டான். அந்த இடம் பறிபோகும்போது அவன் படும் வேதனை நமக்கும் புரிகிறது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் புதிய கதை தயாராகி, 1994-இல் வேலை மறுபடியும் தொடங்கியது. முன்பு கேலிக்கிடமாயிருந்த அதே கதைக்காக எழுவர் திரைக்கதை ஆஸ்கருக்குச் சிபாரிசு செய்யப்பட்டார்கள். சித்திரப் படம் ஒன்றுக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

திட்டமிட்டால் பிழை வராது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். பிழை வரத்தான் செய்யும். மலிவாயிருக்கும் சமயத்தில் அது வரும்படி ஏற்பாடு செய்துகொள்வதே பூர்வாங்க வேலையின் சாமர்த்தியம். இதே பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாரானபோது கதை சோபிக்கவில்லை என்பதை 1998-இன் கடைசியில்தான் உணர்ந்தார்கள். அதற்குள் உருவங்கள் செதுக்கியாயிற்று, காட்சிகள் அசைந்தாயிற்று, 1999 நவம்பரில் வெளியீடு என்ற நாளை மாற்ற டிஸ்னி சம்மதிக்கவில்லை. பெரும்பாலும் புதிதாகவே ஒன்பது மாதத்தில் கட்டி எழுப்பிய அந்தப் படம் பிரமாதமான வெற்றி பெற்றது. ஆனால் வேலை முடிந்தபோது, ஓயாமல் விசைகளைத் தட்டிய காரணத்தால், ஊழியர்களில் பலர் மணிக்கட்டு நோவுக்கு வைத்தியம் செய்துகொள்ள நேர்ந்தது.