உங்களுக்குத் தெரியுமா? சூலியா தெருவில் அண்ணாந்து பாருங்கள்!

பினாங்குக்குப் போகிறவர்கள் சூலியா தெருவில் நாசி கண்டாரை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அங்கேதான் சங்கதியே இருக்கிறது!

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தொடங்கிய ஆண்டு 1801. தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் எழுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலம் எவ்வளவு தெரியுமா? 18 ஏக்கர்!

அதன் மனாரா, அதாவது பள்ளிவாசல் கோபுரம், தொழுகைக் கூடத்தை விட்டு விலகி, தெருமுனையில் தனியே நிற்கிறது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மணிக்கோபுரமும் அப்படித்தான், தனிக்கட்டை! அதில் ஏற 414 படிகள்!

சூலியா தெரு மூலையில் குட்டி மனாராக்களோடு ஒரு நாகூர் தர்கா. வெளிச்சுவரில் சின்னஞ்சிறு கடைகள். இந்த தர்கா 200 வயதைத் தாண்டிவிட்டது! தர்காவுக்குரிய நாகூர் ஆண்டகை அடக்கமாகியிருப்பதோ நம்ம நாகூரில். அங்கே பெரிய மனாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உயரம் 131 அடி!

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் சாலையிலேயே கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் கட்டி முடித்தது. அதற்கு மாதிரி எது? நம்ம சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயம்! கட்டியவர்கள்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன கைதிகள்! முதலில் போட்டது மெட்ராஸ் பாணி மொட்டைமாடிக் கூரை. பினாங்கு மழைக்கும் வெயிலுக்கும் அது சரிப்படவில்லை. 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றிவிட்டார்கள்!

இனிதான் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சேதி. இந்தத் தேவாலயத்துக்குத் திட்டம் போட்டவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். அதே மனிதர் பிறகு டெல்லிக்குப் போனார். பழுதுபார்க்க அவர் கையில் வந்தது என்ன தெரியுமா? குதுப் மினார்!

சும்மா இருந்தாரா? 1828-இல் அதன் உச்சந்தலையில் சொந்தமாக ஒரு மண்டபத்தைத் தூக்கி வைத்துவிட்டார்! பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 20 வருஷம் கழித்து, 1848-இல், கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அதை இறக்கச் சொன்னார். 72 மீட்டர் உயரத்தில் இருந்த மண்டபம் இன்று புல்தரையில்! அதற்கு ஊர் வைத்த பெயர் ‘ஸ்மித்தின் அசட்டுத்தனம்’. பாவம் மனிதர்! பினாங்கில் மட்டும் அவர் பெயர் கெடவில்லை.

சரி, பினாங்குக்கே திரும்புவோம். அங்கே ஆச்சே தெருப் பள்ளிவாசல் மனாராவின் நடுவே ஒரு வட்ட ஜன்னல். 1867-இல் பினாங்கில் நடந்த கலவரத்தில் பீரங்கிக் குண்டு போட்ட ஓட்டை என்கிறார்கள்!

அண்ணாந்து பார்க்க பினாங்கில் ஒரு மணிக்கூண்டும் உண்டு. விக்டோரியா ராணி அரியணையேறி 60 ஆண்டு. அதற்காகச் சீனச் செல்வந்தர் சியா சென் இயோக் கொடுத்த மணிக்கூண்டு 60 அடி. வருஷத்துக்கு ஓர் அடி! கட்டி முடித்தது 1902. ராணி கண்ணை மூடியது 1901!

இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் அந்த மணிக்கூண்டு லேசாகச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த கோபுரம் பார்க்க பைசாவுக்கு டிக்கெட் போடாதீர்கள். சூலியா தெருவிலிருந்து நடந்தே போகலாம்!