காய் கீழே தொங்குகிறதா?

வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை கொட்டினால் போதும், சென்னையை ஒட்டிய வானகரத்தின் காலிமனைகளிலும் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரங்களிலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். களை என்று பிடுங்கி எறிகிறோம். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் அதையே தேடி அலைகிறோம். அந்தப் பதற்றத்தில் வேறு செடி கைக்கு வந்துவிடுவதுதான் என் கவலை.

கிளையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கீழாநெல்லி என்றால், கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் குட்டிக் காம்புகளில் வரிசையாகத் தொங்கும், மேல்தோல் வழவழவென்றிருக்கும். காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக, செம்மை படர்ந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி என்ற வேறு செடி. தண்டின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அசல் கீழாநெல்லியின் தண்டும் சில சமயம் சிவக்கும். தோற்றத்தில் ஒத்த மேலாநெல்லியில் இலைகள் நடுத்தண்டிலேயே சுற்றிச்சுற்றி முளைக்கும். கீழாநெல்லியிலோ பக்கக் கிளைகளின் இருபுறமும்தான் இலை.

இந்தச் செடியை உலக மருத்துவர்கள் திரும்பிப் பார்க்க வைத்தது சென்னைதான். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்த ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். ஆனால் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் செடியின் இனமா, வளர்ந்த மண்ணா என்று விவாதம் எழுந்தது. எனவே, மஞ்சள் காமாலை என்றால் முதலில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, பிறகுதான் கீழாநெல்லி.

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்திலும் சாக்கடைப் பக்கத்திலும் பறிக்கவே கூடாது. அங்கே புகையும் கழிவுநீரும்தான் அதற்கு உரம். வீட்டில் ஒரு தொட்டி போதும். விதை தூள் மாதிரி இருக்கும். ஈரமண்ணின் மேல் தூவி, மூடாமல் தண்ணீர் தெளியுங்கள். காய் காய்ந்தால் வெடித்துச் சிதறும். விதை வேண்டுமென்றால் முன்கூட்டியே கிளையில் காகிதப் பை கட்டிவிடுங்கள். இன்னும் சந்தேகமா? செடியை வேரோடு எடுத்துக்கொண்டு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையில் சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை அளவு, எத்தனை நாள் என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.