வெவண்டன் தோட்டத்துத் தொண்டமான்கள்

மலையகத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா இலங்கைக்கு வந்தது கூலி வேலைக்கு. சொந்த ஊர், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள முனப்புதூர். மானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் கடல் கடப்பதே வழி. 1860களின் இறுதியில் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்து, மலைச்சரிவெங்கும் தேயிலை ஏறிய காலத்தில் அந்த வறட்சிச் சீமையிலிருந்து பல்லாயிரம் பேர் மலையேறினர். அவர்களில் மிகச் சிலரே கங்காணியானார்கள். கங்காணியானவர்களிலும் தோட்டம் வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கருப்பையா வாங்கினார்: நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் உள்ள வெவண்டன் தோட்டம்.

கூலியாள் தோட்டச் சொந்தக்காரராவது எப்படிச் சாத்தியமாயிற்று? கங்காணி முறையில்தான் அதற்கு விடை இருக்கிறது. தோட்டங்களை நடத்திய துரைமாருக்கு ஆள் வேண்டும். தமிழும் தெரியாது, ஊரும் தெரியாது. பெரிய கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துவருவார். அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வரும் ஆள் ஒவ்வொருவருக்கும் தோட்டம் கங்காணிக்குத் தலைக்காசு கொடுக்கும். ஆட்கள் வேறு தோட்டத்துக்கு மாறினால், அவர்களின் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ கூடவே போகும். புதிய தோட்டம் அதை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆக, கையில் ஆட்கள் இருந்த கங்காணிக்குப் பேரம் பேசும் பலமும் இருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒரு சிலரைத் துரைமாருக்கு நிகராக உயர்த்திய அதே முறைதான் லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் கிடந்தவர்களைத் தலைமுறைக் கடனில் வைத்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி முனப்புதூரில் பிறந்த சௌமியமூர்த்தி, 1924இல் தந்தையிடம் வந்து கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார். 1927இல் காந்தியும் 1939இல் நேருவும் இலங்கைக்கு வந்தார்கள். நேருவின் வருகையின்போது உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸில் கம்பளைக் கிளையிலிருந்து தொடங்கிய தொண்டமான், 1945இல் அதன் தலைவரானார். தோட்டச் சொந்தக்காரர் தொழிலாளருக்குத் தலைவரானது எதிரிகளுக்கு வாய்ப்பாகத்தான் இருந்தது. இடதுசாரிகள் அதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினார்கள். ஆனால் துரையின் கணக்கை உள்ளிருந்து அறிந்தவர் பேச்சுவார்த்தை மேசையில் ஏமாறமாட்டார் என்று தொழிலாளர்கள் நினைத்திருந்தால் அதிலும் நியாயம் உண்டு.

1947 தேர்தலில் அவர் நுவரெலியாத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் போயிற்று. 1952இல் கொழும்பில் நடந்த சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தும் பலன் கிட்டவில்லை. வாக்கு இல்லாத மக்களிடம் மிஞ்சியிருந்த ஒரே பலம் கொழுந்து பறிக்கும் கை. அதை நிறுத்தினால் நாட்டின் அந்நியச் செலாவணி நிற்கும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய இயக்கம் கட்சியைவிடத் தொழிற்சங்கமாகவே வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்க உடன்பட்டன.

1977இல் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகத் தெரிவானார். மறு ஆண்டு ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். கால்நடைத் துறையும் அந்த அமைச்சின் கீழ் வந்தது. லயத்தின் பின்புறம் பசு கட்டிப் பால் விற்கும் குடும்பங்கள் நிறைந்த மலையகத்துக்கு இது பொருத்தமான துறைதான். ஆனாலும் அமைச்சுப் பதவியால் விளைந்த பெரிய பலன்கள் பால் பண்ணையில் இல்லை. 1984 வேலைநிறுத்தத்தின் பின் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது. 1988இன் சட்டம் நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தது. அமைச்சராக இருந்துகொண்டே வேலைநிறுத்தம் நடத்தியவர் என்ற விசித்திரமும் அவருக்கு உண்டு.

1999 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர் காலமானபோதும் அமைச்சர்தான். பேரன் ஆறுமுகன் தொண்டமான் கட்சியையும், பின்னர் கால்நடைத் துறையையும் ஏற்றார். 2020 மே 26ஆம் திகதி இறந்தார். அவருடைய மகன் ஜீவன் அதே ஆண்டு நாடாளுமன்றம் சென்று, 2023 ஜனவரியில் நீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சரானார். 2024 தேர்தலிலும் நுவரெலியாவில் வென்றார்.

கால்நடை, கிராமியத் தொழில், தோட்ட வீடமைப்பு, குடிநீர் என இந்தக் குடும்பத்துக்கு வந்த துறைகள் பல. தேயிலைக் கொள்கையை வகுக்கும் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சு அவற்றில் இல்லை. 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபின், கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளம் பேசுவதே சங்கத்தின் முதல் வேலையாயிற்று. காணி அதைவிடக் கடினமான கேள்வி. கினிகத்தேனையிலிருந்து நானுஓயா வரை தனி வீட்டுக்குப் பல காலம் பேசப்பட்டது ஏழு பேர்ச் நிலம். கருப்பையா வாங்கியது ஒரு தோட்டத்தை.